பணியிடத்தில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்: அழைப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பேச்சு முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய ஒரு வெள்ளிக்கிழமை மாலையும், அதே ஊழியர்கள் வழக்கமான முணுமுணுப்போடு வேலையைத் தொடங்கிய அடுத்த திங்கட்கிழமைக் காலையும் என் நினைவில் அருகருகே நிற்கின்றன. பேச்சாளர் தம் வேலையைக் குறையின்றிச் செய்திருந்தார். அவரை அழைத்த நாங்கள்தான் எங்கள் வேலையைச் செய்யவில்லை. எதற்காக அழைக்கிறோம் என்று எங்களுக்குள் பேசித் தெளியவில்லை. பேச்சுக்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மண்டபமும் ஒலிபெருக்கியும் ஏற்பாடாகிவிட்டால் எல்லாம் ஆகிவிட்டது என்று இருந்துவிட்டோம்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பணியாளர் பயிற்சிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தபடி, பல பேச்சாளர்களை அழைத்திருக்கிறேன்; சிலரை அழைக்க வேண்டாம் என்று வாதாடித் தடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. மேடையில் நிகழும் ஒரு மணி நேரத்தின் மதிப்பை, அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் பிந்தைய மூன்று மாதங்களுமே தீர்மானிக்கின்றன. இந்த வழிகாட்டி அந்த நாட்களில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது. மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கும், சிறிய நிறுவனத்தைத் தாமே நடத்துபவர்களுக்கும் இது பயன்படும்.

பேச்சால் எது முடியும்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுரையில், "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளில் உண்டாகிறது என்று விளக்கினார். தானே ஒன்றைச் செய்து வெற்றி பெறுவது முதல் வழி. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது இரண்டாவது. உன்னால் முடியும் என்று பிறர் எடுத்துச் சொல்வது மூன்றாவது. அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை நான்காவது. இவற்றில் முதல் வழியே மிக வலிமையானது. பிறர் சொல்லால் மட்டும் எழும் நம்பிக்கை, நடைமுறையில் ஒரு தோல்வியைச் சந்தித்தவுடன் எளிதில் கரைந்துவிடக் கூடியது.

பேச்சாளரின் இடம் எது என்பதை இந்த நான்கு வழிகளும் தெளிவாகக் காட்டுகின்றன. அவருடைய சொற்கள் மூன்றாம் வழியைச் சேர்ந்தவை. கேட்பவர்களைப் போன்ற ஒரு மனிதர் இடரைக் கடந்த கதையை அவர் நேர்மையாகச் சொன்னால் இரண்டாம் வழியும் திறக்கிறது. அரங்கில் எழும் உற்சாகம் நான்காவதைத் தொடுகிறது. ஆனால் முதல் வழியை, அதாவது ஊழியர் தம் கையால் ஒரு சிறு வெற்றியைக் காண்பதை, எந்தப் பேச்சாளராலும் தர முடியாது. அதைப் பணியிடம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். பேச்சு கிளப்பிய நம்பிக்கை ஆறுவதற்குள் அந்தச் சிறு வெற்றி கைக்கு எட்டுமாறு செய்வதுதான் பின்வரும் படிகள் அனைத்தின் நோக்கமும் ஆகும்.

இதற்காகப் பேச்சைக் குறைத்து மதிப்பிட்டுவிட வேண்டாம். உள்ளே இருப்பவர் சொன்னால் அறிவுரையாகப் படுவதை வெளியிலிருந்து வருபவர் சொல்லும்போது மக்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பலரும் மனத்துக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அவர் ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனால், அடுத்த சில வாரங்கள் அந்தப் பெயரைச் சொல்லியே சக ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிகிறது. நாள் முழுவதும் ஒருவரையொருவர் பார்க்காத பிரிவினர் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே செய்தியைக் கேட்பதும் சாதாரணமானதன்று.

முதற்படி: சோர்வின் காரணத்தைக் கண்டறியுங்கள்

எந்தப் பேச்சாளரையும் தேடத் தொடங்குவதற்கு முன், வெவ்வேறு ஷிப்டுகளையும் பிரிவுகளையும் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேருடன், அவர்களுடைய மேலதிகாரிகள் இல்லாத இடத்தில், தனித்தனியாக உரையாடுங்கள். இரண்டு கேள்விகள் போதும். "உங்கள் வேலையை நன்றாகச் செய்யவிடாமல் எது தடுக்கிறது?" என்பது ஒன்று. "கடந்த மாதத்தில் எந்த நாள் மனநிறைவோடு வீடு திரும்பினீர்கள், அன்று என்ன நடந்தது?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குப் பலர் நெடுநேரம் யோசிப்பார்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

ஒரு முறை பொதி கட்டும் பிரிவினருக்கு வேலையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நிர்வாகம் கருதியதால், ஒரு பேச்சாளரை ஏற்பாடு செய்யும் பணி என்னிடம் வந்தது. நான் இந்த இரண்டு கேள்விகளோடு போனேன். வயதில் மூத்த ஓர் ஊழியர் பதில் எதுவும் சொல்லாமல் என்னை அழைத்துப் போய் ஒரு தள்ளுவண்டியைக் காட்டினார். நான்கு சக்கரங்களில் ஒன்று சுழலவே இல்லை. சுமையோடு அதைத் தள்ளும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது; அதை நேராக்கி நேராக்கி அவருடைய வலது உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. "சார், எழுதிக் கொடுத்து எட்டு மாசம் ஆச்சு. பேச வர்றவர் முதல்ல இதைத் தள்ளிப் பார்க்கட்டும்" என்றார். அந்தப் பிரிவில் அப்படி ஆறு வண்டிகள் இருந்தன. பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சக்கரங்களை மாற்றினோம். இரண்டு மாதங்கள் கழித்துப் பேச்சு நடந்தபோது அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இதை ஆய்வாளர்களும் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் வெளியிட்ட ஆய்வில், ஊதியம், மேற்பார்வை, பணிச்சூழல், நிறுவனத்தின் விதிமுறைகள் ஆகியவற்றிலுள்ள குறைகள் அதிருப்தியை உண்டாக்குகின்றன என்றும், சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவை மனநிறைவைத் தருகின்றன என்றும் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வுமுறை பின்னாளில் விமர்சனத்துக்கு உள்ளானது உண்மையே. எனினும், முதல் வகைக் குறையை இரண்டாம் வகை மருந்தால் தீர்க்க முயல்வது வீண் என்ற எச்சரிக்கையை நடைமுறையில் நான் மீண்டும் மீண்டும் சரியென்று கண்டிருக்கிறேன். தரக் கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் நிர்வாகத்துக்கு வகுத்த 14 நெறிகளில் பத்தாவது, தொழிலாளர்களை நோக்கிய முழக்கங்களையும் அறிவுறுத்தல்களையும் கைவிடுங்கள் என்பதாகும். தரக்குறைவுக்கும் குறைந்த உற்பத்திக்கும் பெரும்பாலான காரணங்கள் வேலை அமைந்திருக்கும் முறையிலேயே இருப்பதால், அதை மாற்றும் அதிகாரமில்லாத தொழிலாளரிடம் முழக்கமிட்டால் மனக்கசப்பே மிஞ்சும் என்பது அவர் வாதம்.

கேட்டறிந்தவற்றை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கருவி, ஆள் பற்றாக்குறை, ஊதியம், பணிநேரம் போன்றவை நிர்வாகம் தீர்க்க வேண்டியவை. புதிய மென்பொருளோ புதிய இயந்திரமோ புரியாதது பயிற்சியால் தீர வேண்டியது. தோல்வியடைந்த ஒரு முயற்சிக்குப் பின் எழும் அச்சம், தன் உழைப்பால் யாருக்கு என்ன பயன் என்று தெரியாத வெறுமை, வரப்போகும் மாற்றத்தைப் பற்றிய கலக்கம் ஆகியவை சொற்களால் தொடக்கூடியவை. இந்த மூன்றாம் வகை கனமாக இருந்தால் மட்டுமே பேச்சாளரை அழைப்பதில் பொருளுண்டு.

சில சூழல்களில் அழைக்கவே கூடாது. ஆட்குறைப்பு நடந்த சில வாரங்களிலும், சம்பளம் தாமதமாகும் மாதங்களிலும், பணியிடத்தில் விபத்தோ மரணமோ நேர்ந்த பிறகும், வெளியாள் ஒருவரைக் கூட்டி வந்து உற்சாகமாக இருங்கள் என்று சொல்ல வைப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அந்த நேரத்தில் நிறுவனத்தின் தலைமையே ஊழியர்கள் முன் வந்து நின்று, கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஊழியர்களின் உற்சாகத்தை உயர்த்துதல்" என்பது நோக்கம் ஆகாது. அது நிறைவேறியதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. "புதிய மென்பொருளுக்கு மாறிய பிறகு உதவி கேட்கத் தயங்கும் கிளைப் பணியாளர்கள், பேச்சு நடந்த 30 நாட்களுக்குள் உதவி மையத்தைத் தயக்கமின்றி அணுகத் தொடங்க வேண்டும்" என்பது நோக்கம். யார், எதை, எப்போதுக்குள் மாற்றிச் செய்யப் போகிறார் என்பது அதில் இருக்கிறது. எழுதிய அன்றே இன்றைய நிலையையும் எண்ணிக்கையாகக் குறித்து வைத்துவிடுங்கள். பேச்சுக்குப் பிறகு பழைய நிலையைத் தேடுவது எளிதன்று.

செலவையும் இப்போதே கணக்கிட வேண்டும். பேச்சாளரின் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதைவிடப் பெரிய செலவு ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 200 பேர் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் 400 வேலை மணிகள் செலவாகின்றன. அந்த 400 மணிகளுக்கு ஈடாக என்ன வேண்டும் என்ற கேள்வியை முன்வைத்தால், நோக்க வாக்கியம் தானாகவே கூர்மையடையும்.

மூன்றாம் படி: யாரை அழைப்பது என்று முடிவு செய்யுங்கள்

பெயர் பெற்றவர்களின் பட்டியலைப் புரட்டுவதற்கு முன், உங்கள் ஊழியர்களின் உழைப்பால் பயனடைந்த ஒருவரை அழைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நிறுவன உளவியலாளர் ஆடம் கிராண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு அடிப்படை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் பணியாளர்களில் ஒரு குழுவினர், அந்த நன்கொடையால் கல்வி உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்துக் கேள்விகள் கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் குழுவினர் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய தொகை 171 சதவீதமும் உயர்ந்திருந்தன. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்த குழுவில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. 2011இல் கிராண்டும் டேவிட் ஹாஃப்மனும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஊக்கமூட்டும் செய்தி தலைவரிடமிருந்து வருவதைவிடப் பயனாளியிடமிருந்து வரும்போது அதிகப் பலன் தருகிறது என்று காட்டியது.

எல்லா இடங்களிலும் இதே அளவு உயர்வு கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், மருத்துவக் கருவிகளைப் பொதி கட்டுபவர், அந்தக் கருவியால் மூச்சுவிடும் ஒருவர் தம் முன்னால் நின்று பேசுவதை ஒரு முறை கேட்டுவிட்டால், பிறகு பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டை வேறு கண்ணோடுதான் பார்ப்பார். வேலையின் பொருள் மங்கிப்போனதுதான் உங்கள் சிக்கல் என்றால், பயனாளியை விடச் சிறந்த பேச்சாளர் கிடையாது. அவருக்கு மேடை வசப்படாவிட்டாலும் குறையில்லை.

தோல்வி அச்சமே சிக்கல் என்றால், ஊழியர்களின் நிலையிலிருந்தே தொடங்கி, தடுமாறி, மீண்டு வந்தவரைத் தேடுங்கள். பெரும் சிகரங்களை ஏறியவரின் கதை வியக்க வைக்கும். "அவரால் முடிந்தது, நமக்கெங்கே" என்ற எண்ணத்தையும் கூடவே விதைத்துவிடும். தன்னைப் போன்ற ஒருவரைக் காண்பதில்தான் பண்டூரா சொன்ன இரண்டாம் வழி வேலை செய்கிறது. மாற்றம் பற்றிய கலக்கமே சிக்கல் என்றால், அதே மாற்றத்தைக் கடந்து வந்த துறை வல்லுநர் பொருத்தமானவர். இவை எதுவும் கிடைக்காதபோது, அல்லது பெரிய அரங்கத்தைக் கட்டிப்போட்டுப் பல பிரிவினரையும் ஒரே செய்தியில் இணைக்க வேண்டியிருக்கும்போது, தொழில்முறைப் பேச்சாளரின் திறமை உண்மையிலேயே தேவைப்படுகிறது.

தொழில்முறைப் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும்போது வெட்டி ஒட்டிய மூன்று நிமிடக் காணொளியை நம்பாமல், முழு உரை ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை பாருங்கள். முன்பு அவரை அழைத்தவர்களிடம் "நன்றாகப் பேசினாரா?" என்று கேட்காமல், "மூன்று மாதம் கழித்து என்ன மாறியிருந்தது?" என்று கேளுங்கள். அவரோடு அரை மணி நேரம் உரையாடும்போது அவர் உங்களிடம் எத்தனை கேள்விகள் கேட்கிறார் என்று கவனியுங்கள். ஒன்றும் கேட்காதவர், எங்கும் சொல்லும் அதே உரையைத்தான் உங்களிடமும் சொல்லிவிட்டுப் போவார்.

முழு உரையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் சோதிக்கலாம். இத்தகைய மேடைகளில் உலவிவரும் சில கூற்றுகள் உண்மையல்ல. மனிதர்கள் மூளையில் 10 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உரையாடலில் 93 சதவீதம் சொல் சாராதது என்பது, ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் உணர்வுகளையும் மனப்பாங்கையும் பற்றிச் செய்த குறுகிய ஆய்வுகளிலிருந்து தவறாகப் பொதுமைப்படுத்தப்பட்டது. எந்தப் பழக்கமும் 21 நாட்களில் படிந்துவிடும் என்பார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில் அதற்கான நடுவளவு 66 நாட்களாகவும், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரையாகவும் இருந்தது. இலக்குகளை எழுதி வைத்த 3 சதவீத அமெரிக்க யேல் பல்கலைக்கழக மாணவர்கள் மற்ற அனைவரையும் விடப் பெரும் செல்வம் சேர்த்தார்கள் என்று சொல்லப்படும் 1953ஆம் ஆண்டு ஆய்வு நடைபெறவே இல்லை. இவற்றில் ஒன்றைச் சொன்னதற்காக ஒருவரை ஒதுக்க வேண்டாம். மரியாதையோடு சுட்டிக்காட்டிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டு திருத்திக்கொள்பவரை நம்பி அழைக்கலாம். உங்கள் ஊழியர்களில் விவரம் அறிந்த ஒருவர் அரங்கில் இருந்து, ஒரு பொய்த் தகவலைக் கண்டுகொண்டால், அதன்பின் சொல்லப்படும் நல்லவையும் செவிடன் காதில் ஊதிய சங்காகிவிடும்.

நான்காம் படி: பேச்சாளருக்குத் தேவையான விவரங்களைக் கொடுங்கள்

இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று போதும். கேட்கப் போகிறவர்கள் யார், என்ன வேலை செய்கிறார்கள், எந்த மொழி அவர்களுக்கு இயல்பானது, கடந்த ஓராண்டில் அவர்கள் எதைக் கடந்து வந்தார்கள், எந்தப் பேச்சு அவர்களைப் புண்படுத்தும் என்பவை அதில் இருக்கட்டும். நீங்கள் எழுதிய நோக்க வாக்கியம் முதல் வரியில் இருக்கட்டும். குறைகளை மறைத்து அனுப்பாதீர்கள். மூன்று மாதமாகக் கூடுதல் நேரம் உழைத்துக் களைத்திருப்பவர்களைப் பார்த்து "இன்னும் ஓர் அடி கூடுதலாக வையுங்கள்" என்று அவர் அறியாமல் சொல்லிவிட்டால், அந்தப் பழி அவரைச் சேராது, குறிப்பை எழுதிய உங்களையே சேரும்.

இயன்றால் பேச்சுக்கு முந்தைய நாள் அரை நாளாவது பணியிடத்தைச் சுற்றிப் பார்க்க அவரை அழையுங்கள். ஒருவர் நேற்று நம் இயந்திரத்தின் அருகில் நின்று பெயர் கேட்டுவிட்டுப் போனார் என்பதே மறுநாள் அவர் சொல்லும் சொற்களுக்கு எடை கூட்டும்.

கட்டணம், பயணம், ஒளிப்பதிவு உரிமை, நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன செய்வது ஆகியவற்றை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து தம் புத்தகத்தையோ பயிற்சி வகுப்பையோ விற்கக் கூடாது என்பதையும், தணல் மீது நடக்கச் செய்வது, பலர் முன்னிலையில் சொந்த வாழ்க்கைத் துயரைச் சொல்லச் செய்வது போன்றவற்றைச் செய்யக் கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். சம்பளம் தரும் இடத்தில் "விருப்பமிருந்தால் செய்யுங்கள்" என்பதற்கு முழுமையான விருப்பம் என்று பொருளில்லை.

ஐந்தாம் படி: நேரத்தையும் இடத்தையும் தீர்மானியுங்கள்

வேலை நேரத்துக்குள், ஊதியத்தோடு நடத்துங்கள். விடுமுறை நாளில் வரச் சொல்லி நடத்தும் ஊக்கப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே தோற்றுவிடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்தவர்களைப் பிடித்து உட்கார வைக்காமல், அவர்களுக்குத் தனி அமர்வு வையுங்கள். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வகுத்த கோட்பாட்டின்படி, தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, தன் திறமையை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல் ஆகிய மூன்று தேவைகள் நிறைவேறும்போதுதான் உள்ளிருந்து எழும் ஊக்கம் தழைக்கிறது. வருகைப் பதிவு எடுத்துக் கட்டாயப்படுத்தினால் முதல் தேவையை நாமே மிதித்துவிடுகிறோம். வர விரும்பாதவர் வழக்கமான வேலையைத் தொடரலாம் என்று அறிவித்துவிடுங்கள். பெரும்பாலோர் வருவார்கள், வந்தவர்கள் கேட்பதற்காக வந்திருப்பார்கள்.

உரைக்கு 40 நிமிடங்கள், கேள்விகளுக்கு 20, இறுதியில் எழுதுவதற்கு 15 என்ற அளவு பெரும்பாலும் சரியாக அமைகிறது.

ஆறாம் படி: பேச்சு நடக்கும் நாளில்

மேலாளர்கள் முன்வரிசையில் தனியாக அமராமல் ஊழியர்களோடு கலந்து அமரட்டும். உயர் அதிகாரி ஒருவர் உரையின் நடுவில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதை அரங்கம் முழுவதும் கவனிக்கிறது. அறிமுக உரை இரண்டு நிமிடங்களைத் தாண்ட வேண்டாம். எழுந்து நின்று கேட்கத் தயங்குபவர்களுக்காகச் சிறு காகிதங்களைக் கொடுத்து, பெயரில்லாமல் எழுதப்பட்ட கேள்விகளைப் பெற்றுப் படியுங்கள். நிர்வாகத்தைக் குறித்த கேள்வி வந்தால் பேச்சாளரைப் பதில் சொல்ல வைக்காமல், பொறுப்பிலிருப்பவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

கடைசி 15 நிமிடங்களே அன்றைய நாளின் மிக முக்கியமான பகுதி. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து பரப்பிய எளிய உத்தி ஒன்று உண்டு: இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் நல்லெண்ணத்தோடு நின்றுவிடுபவர்களைவிட இவ்வாறு முடிவு செய்துகொண்டவர்கள் இலக்கை எட்டுவதில் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியது தெரிந்தது. எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையைக் கொடுத்து, "என்றால்" என்ற சொல்லையாவது "-ஆல்" என்ற விகுதியையாவது கொண்ட ஒரே ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள்.

மருத்துவமனை ஒன்றில் நடந்த அமர்வில் முதலில் வந்த வாக்கியங்கள் "நோயாளிகளிடம் அன்பாக நடந்துகொள்வேன்" என்ற வகையிலேயே இருந்தன. அது எப்போது, எந்தச் செயலாகத் தெரியும் என்று கேட்டபடி ஒவ்வொரு மேசையாகச் சென்றோம். ஒரு செவிலியர் எழுதியதை அடித்துவிட்டு, பேனாவைக் கடித்தபடி சிறிது நேரம் இருந்துவிட்டு, இப்படி எழுதினார்: "நோயாளியின் உறவினர் அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்காருவேன்." அருகில் இருந்தவர் அதைப் படித்துவிட்டுத் தம் அட்டையையும் மாற்றி எழுதினார். இந்த அளவுக்குக் குறிப்பாக எழுதப்படும் வரை அந்த 15 நிமிடங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். அட்டைகளைச் சேகரிக்கவோ சுவரில் ஒட்டவோ கூடாது; அவை எழுதியவருக்கே உரியவை.

ஏழாம் படி: முதல் ஏழு நாட்கள்

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்தார். திரும்பக் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பை வைத்துக் கணக்கிட்டதில், ஒரு நாளுக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஒரு மாதத்துக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே எஞ்சியிருந்தன. பொருளும் கதையும் உள்ள ஓர் உரை அதைவிட நீண்ட நாள் மனத்தில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இழப்பின் பெரும்பகுதி முதல் நாட்களிலேயே நேர்கிறது என்ற வடிவம் நமக்குப் பாடமாகும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தொடர் பணிகளை அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரத்தின் சுமை நேரடி மேற்பார்வையாளர்களின் தோளில்தான் விழுகிறது. அவர்களைப் பேச்சுக்கு முன்பே அழைத்துத் தயார்செய்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஊழியரோடும் பத்து நிமிடம் அமர்ந்து, "எழுதியதைச் செய்து பார்க்க நான் எதை விலக்கிக் கொடுக்க வேண்டும்?" என்று அவர்கள் கேட்கட்டும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதும் சொல்லாததும் ஊழியரின் விருப்பம். மேற்பார்வையாளருக்கே இதில் நம்பிக்கை இல்லையென்றால், அவரிடம் முதலில் பேசித் தெளிவுபடுத்தாமல் பேச்சை நடத்தியதே பிழையாகும்.

நிர்வாகமும் தன் பங்குக்கு ஓர் அட்டை எழுத வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவேன். முதற்படியில் தெரியவந்த குறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏழு நாட்களுக்குள் தீர்ப்போம் என்று அரங்கத்திலேயே அறிவித்து, ஏழாம் நாளில் தீர்த்துக் காட்டுங்கள். அது சிறியதாக இருக்கலாம். ஆனால் ஊழியர்கள் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும்.

எட்டாம் படி: பலனை அளந்து பாருங்கள்

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில், பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்றார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, அதனால் விளைவு உண்டானதா. பேச்சு முடிந்தவுடன் நாம் நிரப்பச் சொல்லும் பின்னூட்டப் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. அதை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1973இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சான்று. டாக்டர் ஃபாக்ஸ் என்ற பெயரில் அறிமுகப்படுத்தப்பட்ட ஒரு நடிகர், தமக்கு ஒன்றும் தெரியாத ஒரு தலைப்பில், முரண்பாடுகளும் அர்த்தமற்ற தொடர்களும் நிறைந்த உரையை நகைச்சுவையோடும் கவர்ச்சியோடும் நிகழ்த்தினார். கேட்டவர்கள் மனநல மருத்துவம், உளவியல், கல்வி ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள். நேரிலும் ஒளிப்பதிவிலும் அதைக் கேட்ட மூன்று குழுக்களைச் சேர்ந்த 55 பேரில் பெரும்பாலோர் உரையைப் பாராட்டியே மதிப்பிட்டார்கள். பேச்சுத் திறன் உள்ளடக்கத்தின் இன்மையை மறைத்துவிட முடியும் என்றால், கைதட்டலின் நீளம் நமக்கு அதிகம் ஒன்றும் சொல்லாது.

ஆகவே மூன்றாம் நிலையைப் பாருங்கள். இரண்டாம் படியில் குறித்து வைத்த எண்ணிக்கையை 30, 60, 90ஆம் நாட்களில் மீண்டும் எடுங்கள். மென்பொருள் எடுத்துக்காட்டில் அது உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளின் எண்ணிக்கை. வேறோர் இடத்தில் அது நூலிழையில் தப்பிய விபத்துகளை ஊழியர்கள் தாமாக முன்வந்து தெரிவித்த தடவைகளாக இருக்கலாம். இவை முதலில் கூடுவது நல்ல அறிகுறி என்பதை மேலிடத்துக்கு முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் அழைப்புகள் பெருகியதைக் கண்டு பேச்சு தோற்றுவிட்டது என்று யாராவது அறிக்கை எழுதிவிடுவார்கள்.

பல அமர்வுகளாக நடத்த வேண்டியிருந்தால் அவற்றை ஒரே வாரத்தில் முடிக்காமல், ஒரு பிரிவுக்கு இப்போதும் மற்றொரு பிரிவுக்கு ஆறு வாரம் கழித்தும் வையுங்கள். இன்னும் கேட்காத பிரிவு ஒப்பீட்டுக்கு உதவும். இரு பிரிவுகளிலும் ஒரே அளவில் முன்னேற்றம் தெரிந்தால், காரணம் பேச்சாக இருக்க வாய்ப்பு குறைவு. பருவமோ, புதிய கருவியோ, மாறிய மேற்பார்வையாளரோ காரணமாக இருக்கலாம்.

90ஆம் நாளில் முதற்படியில் பேசிய அதே பத்துப் பன்னிரண்டு பேரை மீண்டும் சந்தித்து, அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பேச்சாளரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களில் எத்தனை பேர் தாமாகவே அந்த நாளையோ, அன்று எழுதிய வாக்கியத்தையோ குறிப்பிடுகிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் முறை தடையாகச் சொன்னவற்றில் எவை இன்னும் அப்படியே இருக்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் எவ்வளவு மேடைக்கு, எவ்வளவு சக்கரங்களுக்கு என்பதை அந்த இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்து முடிவு செய்யலாம்.